நெட்டச்சிக்குப் பத்துப் பொருத்தம்

என் மச்சான் காலை ஏழு மணிக்கு முன்னால் ஃபோன் செய்தால் ஒன்று அவன் பம்புசெட் கெட்டுப்போயிருக்கும், இல்லை அவனுக்கு ஒரு யோசனை வந்திருக்கும். பம்புசெட் என்றால் பரவாயில்லை, மெக்கானிக்கிடம் சொல்லிவிடலாம். அன்று வந்தது யோசனை.

"மாமா, நீங்கதான் படிச்சவரு. ஒரே கொட்டாயில எதெதெல்லாம் சண்ட போடாம சேந்து இருக்கும்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்க. எமு, ஆடு, வாத்து, வான்கோழி, முயலு, மானு, மயிலு. ஒட்டகம் ஒண்ணு கெடைக்குதுன்றாங்க."

"மானும் மயிலும் வளர்த்தா ஜெயில்டா."

"மயில நான் வளக்கல மாமா. அதுவா வந்து என் நெல்ல தின்னுது. அத லிஸ்ட்ல சேத்துக்கலாம் இல்ல?"

என் மனைவியின் தம்பி அவன். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. நான்கு அறை கட்டி, சென்னைக் குடும்பங்களைச் சனி ஞாயிறுகளில் வரவழைக்கிறான். வருகிறவர்கள் மாட்டைப் பார்த்துவிட்டு, கிணற்றைப் பார்த்துவிட்டு, அப்புறம் செல்ஃபோனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்களாம். அதனால் கோடை விடுமுறைக்குள் சின்னதாக ஒரு மிருகக் காட்சி. தனித்தனிக் கூண்டு வேண்டாம், எல்லாம் ஒன்றாக உலாவ வேண்டும், பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். உரமூட்டை பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன். ஆனால் ஊர்ப் பொது நூலகத்தில் விலங்கியல் அலமாரிக்குப் போகிற ஒரே வாசகன் நான்தான். அந்தப் புத்தகங்களின் பின்னட்டைச் சீட்டில் என் உறுப்பினர் எண்ணே மேலிருந்து கீழ்வரை வரிசையாக நிற்கும். இருபது வருடமாக யாராவது விலங்குகளைப் பற்றி ஏதாவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவனிடம் ஒருவன் வந்து கேட்டேவிட்டான். பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளிக்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

"மீன் தொட்டி ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

இருந்தது. ஐந்து வருடம் முன்பு எங்கள் வீட்டுத் தொட்டியில் எட்டு கப்பி மீன்களோடு, அழகாக இருக்கிறதே என்று ஒரு ஃபைட்டர் மீனை விட்டேன். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் விட்டேன். மூன்றாம் நாள் தொட்டியில் ஒரே ஒரு மீன் இருந்தது. பல உயிரினங்கள் ஒன்றாக வாழும் இடம் அமைப்பதில் எனக்கிருந்த அனுபவம் அவ்வளவுதான்.

அந்த வார ஞாயிறன்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கொட்டாய் என்று மச்சான் சொன்னது உண்மையில் ஒரு பெரிய வேலியடைப்பு. முக்கால் ஏக்கர் இருக்கும், நடுவில் இரண்டு வேப்பமரம், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரே ஒரு எமு.

அந்த எமு நிலத்தோடு வந்தது. ஒரு காலத்தில் எமு வளர்த்தால் கோடீஸ்வரன் என்று நம்பிய பலரில் இந்த நிலத்தின் பழைய சொந்தக்காரரும் ஒருவர். அந்த ஆசை அடங்கியபோது எல்லாவற்றையும் விற்றார். ஒன்றை மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை. நிலத்தை என் மச்சான் வாங்கியபோது கிணறு, மின் இணைப்பு, எமு என்று பத்திரத்தில் இல்லாத மூன்றாவது அயிட்டமாக அது அவனுக்கு வந்து சேர்ந்தது. பெண் எமு. என் தலைக்கு மேல் அரையடி உயரம். வேலியை ஒட்டியே நடந்துகொண்டிருந்தது. போவது, திரும்புவது, போவது. வேலியோரம் முழுக்கப் புல்லே இல்லாமல் ஒரு சாண் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தாள். ஏரிக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்து எமுவுக்குத் தீனி போடுவது அவள்தான். காலையில் இங்கே இரண்டு மணி நேரம், மற்றபடி நடவு, களையெடுப்பு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவது என்று கூலிக்குப் போவாள்.

"ஏம்மா நீயும் கூட நடக்கற?"

"நான் நின்னா அதுவும் நின்னுடும் சார். நின்னா திங்காது. கொஞ்சம் நடந்து, பேசிக்கினே போனாதான் நாலு வாய் எடுக்கும்." அவள் கையிலிருந்த முருங்கைக் கீரையை வேலிக்கு மேலே நீட்டினாள். எமு நடந்தபடியே பிடுங்கியது. "போன தடவ நாத்து நடப் போனேன். மூணு நாளு. மூணு நாளும் நெட்டச்சி பட்டினி. நான் ஒருத்தியே இதுக்கு எத்தினி வருசத்துக்கு சார் ஜோடியா இருக்கறது? என் வூட்ல நாலு பேரு கீறாங்க."

நெட்டச்சி என்பது அவள் வைத்த பெயர். மச்சான் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தான்: தண்டச் செலவு.

"மாமா, தெளிவா சொல்லிட்றேன்," என்றான், என்னைத் தனியாக அழைத்துப் போய். "மத்ததோட சேந்து ஒழுங்கா இருந்தா இருக்கட்டும், காட்சிக்கு அதுதான் ஹீரோயின். சேரலேன்னா ஒரு லாரிக்காரர் கேக்கறாரு. தந்துடுவேன்."

"அவர் எதுக்குக் கேக்கறார்?"

"கறிக்கடைங்களுக்கு சப்ளை பண்றவர் எதுக்குக் கேப்பாரு மாமா, பாட்டு கத்துக் குடுக்கவா?"

அந்தப் பெண் இதைக் கேட்டாள். கையிலிருந்த கீரைக் காம்புகளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் நான் தூங்கி எழுந்தது எல்லாமே அந்த வேலியடைப்பில்தான். நூலகப் புத்தகங்கள் போதாமல் ஃபோனில் படித்தேன். பெரிய ஊர் விலங்குக் காட்சிச் சாலைகள் எதை எதோடு விடுகின்றன, எங்கே சண்டை வந்தது, எங்கே வரவில்லை. வரிக்குதிரை கட்டுப்பெட்டியாகத் தெரியும், ஆனால் பெரிய ரௌடி. கொம்பு உள்ளவற்றைக் குறுகலான மூலையில் விடக் கூடாது. தீனி ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. சின்னது ஓடி ஒளிய ஒரு சந்து வேண்டும். அலுவலகத்தில் யூரியா கேட்டு வந்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப யூரியா எப்ப வரும்?" என்றார்.

படித்ததையெல்லாம் எப்படி அடுக்குவது என்று தெரியாமல் திண்டாடியபோதுதான் அது தோன்றியது. மனைவி தன் அண்ணன் மகளுக்கு வந்த ஜாதகத்தை மேஜைமேல் வைத்திருந்தாள். பத்துப் பொருத்தம். அதில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று உண்டல்லவா, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம். எலிக்கும் பூனைக்கும் ஆகாது, பாம்புக்கும் கீரிக்கும் ஆகாது, ஆட்டுக்கும் குரங்குக்கும் ஆகாது. மனிதர்களைச் சேர்த்துவைக்க நம் ஆட்கள் மிருகங்களின் குணத்தைப் பார்த்திருக்கிறார்கள். மிருகங்களைச் சேர்த்துவைக்க நான் ஏன் இந்தக் கட்டத்தைத் திருப்பி எடுக்கக் கூடாது? எழுந்து நின்றேன். உட்கார முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு கண்டுபிடிப்பு.

ஒரு முழு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டேன். தீனிப் பொருத்தம், தண்ணீர்ப் பொருத்தம், உயரப் பொருத்தம், தூக்கப் பொருத்தம், நோய்ப் பொருத்தம். இது முக்கியம்: நாட்டுக்கோழியிடமிருந்து வான்கோழிக்கு ஒரு நோய் தொற்றும், தோட்டம் முழுக்க நாட்டுக்கோழி, ஆகவே வான்கோழி தள்ளுபடி. முயல் மண்ணைத் தோண்டி வேலிக்கு வெளியே போய்விடும், தள்ளுபடி. ஒட்டகத்துக்கு நான் கட்டமே போடவில்லை. ஆயுதப் பொருத்தம் என்று ஒன்று வைத்தேன்: ஆட்டுக்குக் கொம்பு, எமுவுக்குக் கால் நகம், வாத்துக்கு வாய். இப்படிப் பத்து. கடைசியில் தேறியவை குட்டி இரண்டு உட்பட ஆடு ஆறு, லிஸ்ட்டில் இல்லாமல் நானாகச் சேர்த்த கினிக்கோழி எட்டு, சீமை வாத்து மூன்று. மூன்றில் ஒன்று ஆண். வெள்ளை வெளேரென்று, நெற்றியில் குமிழோடு, நடையில் ஒரு தாசில்தார் தோரணை. எமுவோடு பார்த்தால் ஆடுகளுக்கு ஏழு, கினிக்கோழிகளுக்கு எட்டு. ஆண் வாத்துக்குப் பத்துக்குப் பத்து. நான் இதுவரை பார்த்த எந்த ஜாதகத்திலும் அப்படி அமைந்ததில்லை.

தாளை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"இதுல பொண்ணு யாரு சார், மாப்பிள யாரு?"

"எமுதான் பொண்ணுன்னு வெச்சுக்கோயேன்."

"அப்ப ஆடு, வாத்துலாம் மாப்பிள வூடு. பொண்ணு தன் வூட்லயே ஜம்முனு உக்காந்துகினு கீது. மாப்பிள வூட்டாளுங்க மூட்டையத் தூக்கினு வந்து எறங்கறாங்க. இது எந்த ஊரு சார் கல்யாணம்? செருப்பால அடிக்காது பொண்ணு?"

வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல வரியாக இருக்கிறதே என்று தாளின் ஓரத்தில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

சேர்த்து விடுகிற நாளை மச்சான் குறித்தான். பங்குனியில் ஒரு முகூர்த்த ஞாயிறு, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். எமு பசியோடு தீனிக்குக் காத்திருக்கிற நேரமும் அதுதான் என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அதனால என்ன மாமா, நல்ல நேரம் எல்லாத்துக்கும் நல்ல நேரம்தானே," என்றான். வேலிக் கதவுக்கு மாவிலை கட்டினான். என் மனைவி தட்டில் கற்பூரம் ஏற்றினாள். பிறகு அவன் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்தான். பெரியது, திருஷ்டி கழிக்கிற பூசணிக்காய். மேலே ஓட்டை போட்டு உள்ளே அரைப் பொட்டலம் குங்குமமும், ஐந்து ரூபாய்க் காசு ஒன்றும். கதவுக்கு வெளியே அவன் கார் நின்றது, கறை படும். ஆகவே கதவைத் திறந்து, உள்ளே போய், வாசலுக்கு நேராக நடுவில் போட்டு உடைத்தான்.

தீனி ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று யூரியா வாங்க வந்தவர்வரைக்கும் சொன்னவன் நான். கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன்.

பூசணிக்காய் என்றால் எமுவுக்கு உயிர். ஆட்டுக்கும் உயிர். இந்தச் செய்தி என் பத்துக் கட்டத்தில் எதிலும் இல்லை. நெட்டச்சி அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்த வேகத்தை நான் இதற்கு முன் பேருந்துகளிடம்தான் பார்த்திருக்கிறேன். அதே சமயம் இந்தப் பக்கம் ஆறு ஆடுகளும் கதவு வழியாகப் பூசணிக்காய்க்குப் பாய்ந்தன. நெட்டச்சி நின்றது. கழுத்து மயிர் சிலிர்த்தது. நெஞ்சுக்குள்ளிருந்து டும், டும், டும் என்று ஒரு சத்தம், யாரோ வெறும் டிரம்மைத் தட்டுகிற மாதிரி. அப்புறம் ஒரு உதை. முன்னால் நின்ற செவலை ஆடு இரண்டு குட்டிக்கரணம் போட்டது. ஆண் வாத்து இறக்கையை விரித்துக்கொண்டு நேராக எமுவிடம் போகும் என்று பார்த்தால், பத்துக்குப் பத்து வாங்கிய அந்த மகராசன் திரும்பி என் கெண்டைக்காலைக் கவ்வியது. கினிக்கோழிகள் எட்டும் ஒரே கத்தலாகப் பறந்து, வேப்பமரத்தில் ஐந்தும், கார் மேல் இரண்டும், கற்பூரத் தட்டை விட்டுவிட்டு ஓடிய என் மனைவியின் கொண்டையில் ஒன்றுமாக உட்கார்ந்தன.

"ரத்தம், ரத்தம்," என்று மனைவி அலறினாள்.

எமுவின் அலகு, கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவப்பு. மச்சான் முகம் வெளுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நான் என் காலைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆடு போச்சு என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெண் மட்டும் நேரே உள்ளே நடந்து போய், எமுவின் கழுத்தை இடுக்கிக்கொண்டு, ஒரு விரலால் சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள். அந்த விரலால் தன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

குங்குமம்.

செவலைக்கு முன்னங்கால் சுளுக்கு, அவ்வளவுதான். காசைக் காணவில்லை. கால்நடை மருத்துவரை ஃபோனில் கேட்டோம். எமு வழக்கமாகக் கல்லையே விழுங்குகிற பறவை, பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் மச்சான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னதுதான் பேச்சு.

"போதும் மாமா. சனிக்கெழம லாரி வரும்."

ஆண்கள் நாங்கள் டீ குடிக்கப் போன பிறகும் அந்தப் பெண் ஈரத்துணியால் எமுவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நொண்டிக்கொண்டே போய் வேலிக்கு வெளியே நின்றேன். ஆட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"உங்க பக்கம் புது ஆடு வாங்கினா எப்படிம்மா பட்டியில சேப்பீங்க?"

"பட்டில சேக்க மாட்டோம். சேத்தா பழசுங்க முட்டித் தள்ளிடும். காலைல எல்லாத்தையும் மேய ஓட்டினு போவோம் இல்ல, அங்க வுடுவோம் புதுச. மேயற எடம் யாரு வூட்டு சொத்து? நாலு நாளு ஒண்ணா மேஞ்சி, சாயங்காலம் எல்லாம் ஒண்ணா உள்ள வந்தா, யாரு பழசு, யாரு புதுசுன்னு அதுங்களுக்கே தெரியாது."

நான் அவளையே பார்த்தேன். நூலகப் புத்தகத்தில் இது இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் அறிமுகம் செய்ய வேண்டும், வலுத்ததைக் கடைசியாக விட வேண்டும் என்று இரண்டு பக்கம் இருந்தது. படம் இல்லாததால் புரட்டிவிட்டேன்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேனே சார். பொண்ணு வூட்ல மாப்பிள வந்து எறங்கறான்னு. நீதான் பல்ல காட்டிக்கினே எய்திக்கின."

தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தது, என் கையெழுத்திலேயே.

வேலியை ஒட்டி மேற்கே அரை ஏக்கர் தர்பூசணி. மச்சானுடையதுதான், குத்தகைக்கு விட்டிருந்தான். முந்தின வாரம்தான் கடைசிப் பறிப்பு முடிந்திருந்தது. விற்காத காய்கள் கொடியோடு அங்கங்கே கிடந்தன: கோணல், வெடித்தது, வெயிலில் வெந்தது. சுற்றிலும் காட்டுப்பன்றிக்காகக் கட்டிய பழைய புடவை வேலி. ஊதா, மஞ்சள், பச்சை. பட்டுக்குப் பேர்போன மாவட்டம் என்றாலும் இது எல்லாம் சிந்தெடிக். எமு உள்ளே இருந்தால் புடவைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியாத இடத்துக்கு அது ஓடாது. யாருக்கும் சொந்தமில்லாத இடம். தீனி ஒரு இடத்தில் இல்லை, நானூறு இடத்தில். என் கால் வலி போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது, ஓடினேன்.

மச்சானிடம் சனிவரை டைம் கேட்டேன். "லாரி எப்படியும் சனிக்கெழமதான் மாமா வருது. அதுவரைக்கும் நீங்க தர்பூஸ் வயல்ல கபடி ஆடுனாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

சங்கத்தில் ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் குடும்ப விசேஷம் என்று எழுதினேன்.

திங்கள் காலை ஆறரை மணி. முகூர்த்தமில்லை, கற்பூரமில்லை. முதலில் ஆடுகளையும் வாத்துகளையும் தர்பூசணி வயலில் விட்டோம். கினிக்கோழிகளைக் கடைசிவரை மரத்திலிருந்து இறக்க முடியவில்லை, அவையே இறங்கி வந்து சேர்ந்தன. அரை மணி கழித்து, இரண்டு நிலத்துக்கும் நடுவிலிருந்த கம்பியை அவிழ்த்து, அந்தப் பெண் ஒரு வாளியோடு முன்னால் நடந்தாள். நெட்டச்சி பின்னால் வந்தது. வருடக்கணக்கில் அந்த வேலியைத் தாண்டாத பறவை. புது மண்ணில் ஒரு கால் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது. கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. ஆடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெடித்த தர்பூசணி முன்னால் கிடந்தால் வேறு யார் வந்தாலும் ஆடு பார்க்காது.

நெட்டச்சி ஒரு காயைக் கொத்தியது. சிவப்பு. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னிக்கு அது நெசமாவே சிவப்பு சார். பயப்படாத."

நோட்டுப் புத்தகமும் கையுமாக வரப்பில் உட்கார்ந்தேன். எமுவுக்கும் பக்கத்து ஆட்டுக்கும் எத்தனை அடி என்று குறித்தேன். திங்களன்று நாற்பது அடி. செவ்வாய் இருபத்தைந்து. ஆடு தலையைத் தூக்கினால் எமு நிற்கும், எமு நின்றால் ஆடு மெல்வதை நிறுத்தும், பிறகு இரண்டும் வேலையைப் பார்க்கும். கிரிக்கெட் பார்ப்பவர்கள் நகம் கடிப்பதை நான் கேலி செய்திருக்கிறேன். செவ்வாய் சாயங்காலத்துக்குள் எனக்குக் கடிக்க நகம் இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் இருபத்தைந்து அடி என்று சொன்னேன். எது, யார், எங்கே என்று எதுவும் கேட்காமல் "நாளைக்கு இருபது ஆவும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன மிக அன்பான வாக்கியங்களில் அது ஒன்று.

புதன்கிழமை ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நெட்டச்சி தர்பூசணியின் சதையைக் கொத்திவிட்டு அடுத்த காய்க்கு நகரும். மிச்சத் தோலுக்கு ஆடுகள் பின்னால் வரும். செவலைதான் முதலில் கண்டுபிடித்தது, உதை வாங்கிய அதே செவலை. சுளுக்குக் காலைத் தாங்கித் தாங்கி எமுவுக்குப் பின்னாலேயே நடந்தது, உடைத்து வைத்த தோலுக்காக. அதன் குட்டி இரண்டும் செவலைக்குப் பின்னால். ஆறடி. நோட்டுப் புத்தகத்தில் ஆறடி என்று எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டேன்.

ஆகாமல் போனது ஒரே ஒருவர். ஆண் வாத்து ஆட்டைக் கடித்தது, குட்டியைத் துரத்தியது, தன் ஜோடிகளையே காயிடம் அண்டவிடவில்லை, தினமும் ஒருமுறை வரப்பேறி வந்து என்னை விசாரித்துவிட்டுப் போனது.

"பத்துக்குப் பத்து மாப்பிள எப்டி சார் கீறாரு?" என்று காலையிலும் மாலையிலும் கேட்டாள் அந்தப் பெண். வியாழனன்று அவரைக் கூடையில் கவிழ்த்து என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் போனதும் பெண் வாத்து இரண்டும் அமைதியாக மேய்ந்தன.

எல்லாம் இரவிலும் வயலிலேயே கிடந்ததால், வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மத்தியானங்களில் காலியாக இருந்த பழைய அடைப்பை மாற்றினோம். தீனி வைக்க மூன்று இடம், மூன்றும் எதிரெதிர் மூலையில். எமுவுக்கான தானியத்தை ஆடு தின்றால் வயிறு கெடும் என்பதால் வாளியை வேப்பமரத்தில் நாலடி உயரத்தில் தொங்கவிட்டேன். சோதனைக்குக் கூட்டி வந்த ஒரு ஆடு இரண்டு காலில் எழுந்து நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றது. ஐந்தரை அடிக்கு ஏற்றினேன். ஒரு பக்கம் சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே கட்டி, ஆடு நுழையலாம், எமு நுழைய முடியாது என்கிற அளவில் ஒரு சந்து விட்டோம். கடைசியாக அவள் மண்வெட்டியை எடுத்து வேலியோரத் தடத்தைக் கொத்த ஆரம்பித்தாள். எமு நடந்து நடந்து போட்ட தடம். இறுகிக் கல்லாகியிருந்தது. நானும் ஒரு மண்வெட்டி எடுத்தேன். சுற்றளவு முழுக்கக் கொத்தி மண்ணைப் புரட்டிப் போட வெள்ளிக்கிழமை இருட்டும் நேரமாகிவிட்டது.

"பழய வூடுன்னே தெரியக் கூடாது சார் அதுக்கு," என்றாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் லாரிக்காரர் வந்துவிட்டார். மீசை வைத்த முரட்டு ஆளை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு, என்னைவிடச் சாதுவாக இருந்தார். மச்சான் அவருக்கு ஒரு தர்பூசணியை அறுத்துக் கொடுத்தான். இருவரும் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆடுகள், வாத்துகள், கினிக்கோழிகள், கடைசியில் எமு. எல்லாம் ஒரே ஊர்வலமாகத் தர்பூசணி வயலிலிருந்து அடைப்புக்குள் வந்தன. கம்பியைக் கட்டினோம். ஆடுகள் ஆளுக்கொரு மூலைக்குப் போயின. நெட்டச்சி நேராக வேலியோரம் போனது. தடத்தைக் காணோம். குனிந்து பொலபொலவென்று கிடந்த மண்ணைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து, இந்தப் பக்கம் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தது. அவள் ஒரு அடி நகர்ந்தாள். அதுவும் ஒரு அடி நகர்ந்தது.

"போச்சு," என்றான் மச்சான்.

"நான் கெளம்பறேன் சார்," என்றாள் அவள் என்னிடம், தணிந்த குரலில். "நான் நின்னா என்னியதான் பாக்கும்."

திரும்பிப் பார்க்காமல் ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். நெட்டச்சி வேலியோடு கூடவே போனது, புது மண்ணில் கால் புதையப் புதைய. வேலி முடிகிற மூலையில் நின்று கழுத்தை நீட்டியது. அவள் கரை ஏறி மறைந்தாள். நான் என் நோட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், எழுத ஒன்றும் இல்லாமல். லாரிக்காரர் தர்பூசணி விதையைத் துப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

டும், டும் என்று நெஞ்சுக்குள்ளிருந்து அது இரண்டு முறை சத்தம் போட்டது. கரையிலிருந்து பதில் இல்லை. பின்னால் செவலையின் குட்டி ஒன்று கத்தியது. நெட்டச்சி திரும்பியது. செவலையும் குட்டிகளும் மூலையில் நாங்கள் குவித்துவைத்திருந்த தர்பூசணியைச் சுற்றி நின்றிருந்தன. முழுக் காய், உடைக்கத் தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தன. அது நடந்து போனது. அவசரமில்லை. ஆடுகள் வழிவிட்டன. ஒரு கொத்து, இரண்டு கொத்து, காய் பிளந்தது. சதையைத் தின்றது. நகர்ந்து அடுத்ததைப் பிளந்தது. செவலை தோலைக் கவ்வியது. வயிறு நிறைந்ததும் நெட்டச்சி கொத்திப் புரட்டிய மண்ணில் காலை மடக்கி உட்கார்ந்தது. அது உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சின்னக் குட்டி ஒன்று மேடு கிடைத்துவிட்டது என்று அதன் முதுகில் ஏறி நின்றது.

லாரிக்காரர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இத்த எதுக்குப்பா விக்கற?" என்றார் மச்சானிடம். "டிக்கெட் போடு. நானே புள்ளைங்கள இட்டாறேன்."

லாரி காலியாகப் போகவில்லை. மிச்சமிருந்த தர்பூசணியில் பாதியை ஏற்றிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று நாள் அந்தப் பெண் மாகறல் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போனாள். எமு தின்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு; சங்கத்தில் மறுபடி விடுப்பு, காரணம் அதே குடும்ப விசேஷம். முதல் நாள் மத்தியானம் வரப்பிலிருந்து அவள் ஃபோன் செய்தாள், பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம்.

"துன்னுச்சா சார்?"

"வாளி காலிம்மா. கீரையும் காலி."

"முச்சூடுமா?"

"முச்சூடும். இப்ப மரத்தடியில் உக்காந்திருக்கு, ஆடுங்க சுத்திப் படுத்திருக்கு."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"என்னிய தேடுச்சா சார்?"

ஐந்து நாளாக அடிக் கணக்கில் உண்மையை மட்டுமே எழுதிய நோட்டுப் புத்தகம் என் மடியில் திறந்திருந்தது. காலையிலிருந்து நெட்டச்சி ஒரு முறைகூட வேலியோரம் வரவில்லை என்று அதில் எழுதியிருந்தேன்.

"காலையில ஒரு தரம் வேலிகிட்ட வந்து நின்னு பாத்துட்டுப் போச்சும்மா," என்றேன்.

"பாக்கும் சார்," என்றாள். "சரி, வெச்சுட்றேன். இங்க மேஸ்திரி பாக்கறான்."